தீச்சிலம்பம் படமெடுக்கும்போது விளக்குகளை எப்படிக் காப்பாற்றுவது?

நிழல்கூடம் (கோவை) – வெள்ளி, இரவு 9:40

வணக்கம். அடுத்த ஞாயிறு ஒரு சிலம்ப ஆசானையும் அவருடைய மாணவர்கள் நால்வரையும் படமெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக்கூடத்தின் ஆண்டு விழாச் சுவரொட்டிக்காக. வெறும் கம்பு என்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன். இரு முனையிலும் பந்தம் கட்டிச் சுற்றும் தீச்சிலம்பம்தான் வேண்டுமாம்.

இடம் என் ஸ்டுடியோ. 30க்கு 20 அடி, கூரை உயரம் 11 அடி. 400 வாட் ஃப்ளாஷ் விளக்கு இரண்டு, 200 வாட் ஒன்று. முதன்மை விளக்குக்கு நான்கடி எண்கோண சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி), பக்கவாட்டில் இரண்டு நீளப் பெட்டிகள். அந்த எண்கோணப் பெட்டி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, தவணை முடியவில்லை. எல்லாவற்றையும் பாலித்தீன் உறையால் மூடிவிடலாமா? அல்லது விளக்குக்கு முன்னால் கண்ணாடித் தகடு நிறுத்துவது நல்லதா? ஆசானிடம் கேட்டால், "இருபது வருடமாகச் சுற்றுகிறேன் தம்பி, ஒரு பொறி வெளியே போனதில்லை" என்கிறார்.

---

பழையஃபிலிம் (மதுரை) – வெள்ளி, இரவு 10:15

பாலித்தீன் யோசனையை இப்போதே கைவிடுங்கள். பொறி பட்டால் அது உருகிச் சொட்டும், சொட்டுவது எரிந்துகொண்டே சொட்டும். அதைவிட முக்கியம், உங்கள் விளக்கின் பின்பக்கம் மின்விசிறி இருக்கிறதல்லவா? அதை உறை போட்டு அடைத்தால் இருபது முப்பது ஃப்ளாஷ் மின்னலுக்குள் சூடேறி விளக்கு தானாக நின்றுவிடும். மாடலிங் பல்பு (ஃப்ளாஷுக்கு முன் வெளிச்சம் பார்க்கத் தொடர்ந்து எரிவது) ஹாலஜனாக இருந்தால் உறை அதிலேயே ஒட்டிக்கொள்ளும். நெருப்பு தொடாமலேயே விளக்கை நாமே கொன்ற கணக்கு.

உறையைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் தூரத்தைப் பற்றி யோசியுங்கள். ஒன்றரை மீட்டரில் இருக்கும் விளக்கை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் நான்கு மடங்கு சக்தி வேண்டும். எட்டில் ஒரு பங்கில் ஓடும் விளக்கை அரைப் பங்குக்கு ஏற்றினால் தீர்ந்தது. 400 வாட் அதைத் தாங்கும். கேமராவுக்கு 85 மி.மீ. அல்லது 135 மி.மீ. லென்ஸ் போட்டு நீங்களும் பின்னால் போய்விடுங்கள்.

---

தீப்பந்துக்காரி (புதுச்சேரி) – வெள்ளி, இரவு 11:02

நான் படமெடுப்பவள் இல்லை, சுற்றுபவள். சங்கிலி முனையில் திரி கட்டிச் சுழற்றும் ஆட்டம். மாவோரி மக்களிடமிருந்து வந்த அதற்குப் 'பொய்' என்று பெயர். வீட்டில் "பொய் ஆடப் போகிறேன்" என்று உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பியதில்லை.

ஆசான் சொல்வது பொய்யில்லை. பொறி போயிருக்காது. போவது எண்ணெய். பந்தத்தை மண்ணெண்ணெயில் முக்கி எடுத்தவுடன் பற்றவைத்துச் சுற்றினால், துணி பிடித்து வைத்துக்கொள்ள முடியாத எண்ணெய் முதல் ஐந்தாறு சுற்றிலேயே துளித்துளியாகத் தெறிக்கும். சில துளிகள் எரிந்துகொண்டே பறக்கும். இருட்டில் பார்வையாளர்களுக்கு அது அழகாகத் தெரியும், "பொறி பறக்கிறது" என்று கைதட்டுவார்கள். உங்கள் சாஃப்ட்பாக்ஸுக்கு அது அழகில்லை. அந்தத் துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். ஒரு துளி போதும், மிளகளவு ஓட்டை விழும்.

இதற்கு மருந்து எளிது. முக்கி எடுத்த பந்தத்தை மூடியுள்ள ஒரு தகர டின்னுக்குள் வைத்து நன்றாக உதறச் சொல்லுங்கள். இனி ஒரு துளியும் விழாது என்றான பிறகுதான் நெருப்பு. டின்னை மூடிப் பதினைந்து அடி தள்ளி வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியே வெளியே வர வேண்டும்.

இன்னொன்று. துளிகள் எல்லாத் திசையிலும் போவதில்லை. கம்பு எந்தத் தளத்தில் சுழல்கிறதோ அந்தத் தளத்திலேயே போகும். ஆட்டக்காரர் கேமராவைப் பார்த்து நின்று, உடலுக்கு முன்னால் சக்கரம் போலச் சுற்றினால் துளிகள் இடம், வலம், மேல், கீழ் என்றுதான் பறக்கும். உங்கள் முன்விளக்கும் நீங்களும் ஓரளவு தப்பித்துவிடுவீர்கள், மாட்டிக்கொள்வது பக்கவாட்டு நீளப் பெட்டிகள். தலைக்கு மேல் படுக்கையாகச் சுற்றினால் யாரும் தப்ப முடியாது.

நம்பவில்லையென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். பந்தத்தைத் தண்ணீரில் முக்கி, தரை முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு வீச்சாகச் சுற்றச் சொல்லுங்கள். ஈரப்பொட்டு எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே விளக்கு. இதற்கு ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை.

எரிபொருள் என்ன என்று கேட்டீர்களா?

---

நிழல்கூடம் – சனி, காலை 7:20

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் ஆசானைக் கேட்டேன். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் கொஞ்ச நாளாக டீசலில் சிறிது பெட்ரோல் கலந்து ஓட்டுகிறார்களாம். டீசல் மட்டும் என்றால் சீக்கிரம் பற்றுவதில்லையாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவின் பின்சுவரில் பேட்டி ஒலிப்பதிவுக்காக நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கிறேன். அதன் முன்னால் துணிப் பின்னணி தொங்கும்.

---

தீப்பந்துக்காரி – சனி, காலை 7:31

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்க ஏறத்தாழ 38 பாகை செல்சியஸாவது வேண்டும். பெட்ரோலுக்கு உறைபனிக் குளிரே போதும். மூடிய அறையில் அதன் ஆவி தரையோடு படர்ந்து கிடக்கும், எங்கே பற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் விளக்கு ஒவ்வொரு மின்னலுக்கும் உள்ளே உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்யும் பொருள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் கரும்புகை கக்கும். அந்தக் கரி முழுவதையும் விளக்கின் மின்விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரேஷனில் இல்லையென்றால் வெளிச்சந்தையில் மண்ணெண்ணெய் விற்கிறார்கள். லிட்டருக்குக் கூடுதலாகக் கொடுத்து வாங்குங்கள். ஐந்து பேருக்கு ஒரு மாலைக்கு மூன்று லிட்டர் தாராளம்.

---

பழையஃபிலிம் – சனி, காலை 8:05

நுரைப்பஞ்சு என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்! அப்படியானால் இதுவரை பேசியதையெல்லாம் விடுங்கள். அந்த அறையில் தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள்.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இசைக்கூடம் எரிந்தது. மேடையில் விட்ட வாணத்தின் பொறி, சுவரில் ஒலி தடுக்க ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. சில நிமிடங்களில் கூடம் முழுக்க நச்சுப்புகை. இறந்தவர்கள் 100 பேர். உங்கள் அறையில் எத்தனை வாசல்? ஒன்றுதானே?

கூரைக் கணக்கும் உதைக்கிறது. ஐந்தரை அடிக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றும் ஆள், அதற்கு மேல் இரண்டடி சுவாலை. 11 அடியில் எங்கே இடம்? (வணிக வளாகத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: கூரையில் சிவப்புக் குமிழ் வைத்த நீர்த்தெளிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குமிழ் 68 பாகையில் உடையும். நெருப்பிலிருந்து காப்பாற்றிய விளக்கை மழையில் நனைத்துவிட்டு நிற்பீர்கள்.)

வெளியே போங்கள் தம்பி.

---

ஒற்றைவெளிச்சம் (சென்னை) – சனி, காலை 9:48

எதற்கு இவ்வளவு பாடு? நெருப்பே வெளிச்சம்தானே. விளக்குகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வியே எழாது. ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 2.8, வேகம் 1/250. முடிந்தது.

---

பழையஃபிலிம் – சனி, காலை 10:30

ஒற்றைவெளிச்சம், கோயில் திருவிழாவில் நீங்கள் சொல்வது சரி. நானும் அப்படித்தான் எடுப்பேன். சுவரொட்டிக்கு அது போதாது. பந்தம் முகத்துக்கு அருகே வரும் நொடியில் முகம் தெரியும், கம்பு முதுகுப்பக்கம் போய்விட்டால் கருப்பு உருவம்தான். ஆசானின் முகம் தெரியாத சுவரொட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

விளக்கும் நெருப்பும் சேர்ந்து வர வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியாகப் பிடியுங்கள். சுவாலையின் அளவை ஷட்டர் வேகம் தீர்மானிக்கும். ஆளின் மீது விழும் வெளிச்சத்தை விளக்கின் சக்தி தீர்மானிக்கும். அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, இரண்டையும் சேர்த்துத் தொடும். தீச்சக்கரம் முழு வட்டமாக வேண்டுமா? ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஒரு நொடி என்று தொடங்கி, மின்னலை ஷட்டர் மூடும் தருணத்துக்கு மாற்றுங்கள். அப்போது வட்டம் முதலில் வரைந்து முடியும், ஆள் கடைசியில் வந்து நிற்பார். விளக்கின் முன் முழு ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) போட்டால் தோலும் நெருப்பும் ஒரே நிறக்குடும்பமாகத் தெரியும். ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. நெருப்புப் படத்தில் மென்மையான வெளிச்சம் எனக்கு என்றுமே ஒட்டியதில்லை. எண்ணெய் பூசிய தோளில் கூரான விளிம்பொளி விழுவதுதான் அழகு. ஆகவே துணிப்பெட்டிகளைக் கழற்றிவிட்டு, விளக்கோடு வந்த ஏழு அங்குல உலோகக் கிண்ணத்தை மாட்டுங்கள். உலோகத்தில் துளி பட்டால் துடைத்துவிடலாம். தவணை முடியாத எண்கோணப் பெட்டி வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கட்டும்.

---

மலைநாட்டான் (கண்டி) – சனி, மதியம் 1:12

இங்கே எசல பெரஹரா ஊர்வலத்தில் தீப்பந்தம் சுழற்றுவோரைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். வழிநெடுக இரும்புக் கூண்டுப் பந்தங்களில் தேங்காய்க் கொப்பரை எரியும். எண்ணெய்த் துளி போல் அல்லாமல், எரியும் கொப்பரைத் துண்டே கழன்று தெருவில் விழும். விழுந்த பிறகும் நெடுநேரம் கனலும். ஒருமுறை நடைபாதையில் வைத்திருந்த என் பையின் ஓரம் அப்படித்தான் கருகியது. உள்ளே இரண்டு லென்ஸ்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். பையைத் தரையில் வைப்பதில்லை. லென்ஸ் முன்னால் ஒரு மலிவான புறஊதா வடிகட்டி எப்போதும் இருக்கும். வாயில் எண்ணெய் வைத்து ஊதுபவர்கள் யாராவது இருந்தால் அந்த வடிகட்டியில் பத்தே நிமிடத்தில் மஞ்சள் படலம் படிவதைப் பார்க்கலாம். அதே படலம்தான் விளக்கின் குழாயிலும் படியும். எண்ணெய் படிந்த ஃப்ளாஷ் குழாய் அந்த இடத்தில் மட்டும் அதிகம் சூடேறி விரிசல் விடும். உங்கள் விளக்குக்குக் கண்ணாடிக் கூம்பு மூடி இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள் ஐயா.

---

நிழல்கூடம் – சனி, மாலை 6:50

எல்லோருக்கும் நன்றி. ஸ்டுடியோ வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆசானின் மைத்துனருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் களம் இருக்கிறது. சிமெண்டுத் தரை, 80க்கு 60 அடி, சுற்றிலும் மரமில்லை. ஆனால் ஒரு மூலையில் மட்டை குவித்திருக்கிறார்கள். அகற்றித் தருவதாகச் சொல்கிறார்.

கண்ணாடித் தகடு பற்றி யாரும் பேசவில்லையே? திறந்தவெளியிலும் அது உதவுமா?

---

பழையஃபிலிம் – சனி, இரவு 8:15

உதவும், ஆனால் எனக்குப் பிடிக்காது. சாதாரண ஜன்னல் கண்ணாடி சூடு பட்டால் விரிசல் விடும், உடைந்தால் கத்தி. பதப்படுத்திய கண்ணாடி கிடைத்தால் தாங்கும். நேராக வரும் வெளிச்சத்தில் பக்கத்துக்கு நான்கு சதவீதம், மொத்தம் எட்டு சதவீதம் திருப்பியடிக்கும். வெளிச்ச இழப்பு பெரிதில்லை, ஆனால் திருப்பியடிப்பது கேமராவுக்குள் வந்து விழும். சற்றே சாய்த்து நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஒரு ஸ்டாண்ட், ஸ்டாண்டைப் பிடிக்க ஓர் ஆள். களத்தில் காற்றடித்தால் அந்தக் கண்ணாடியே பாய்மரம்.

பத்தடி பின்னால் போவது இலவசம். மலிவான தடுப்பு வேண்டுமென்றால், கேபிள் தரையில் ஓடும் பகுதியை மட்டும் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். பேட்டரி விளக்கென்றால் கேபிளும் இல்லை. ஆனால் லித்தியம் பேட்டரியைச் சூட்டில் காய வைக்காதீர்கள். மாற்றுப் பேட்டரி பையோடு காரில் இருக்கட்டும்.

---

ஈரோட்டுக்கண் (ஈரோடு) – ஞாயிறு, காலை 6:25

தாமதமாக வருகிறேன். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அது என் பணத்தில் கற்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண மண்டபத்தில் தீ நடனக் குழுவைப் படமெடுத்தோம். தூரம் சரி, எண்ணெய் சரி, எல்லாம் சரி. ஆட்டக்காரர் கீழே வைத்த பந்தம் உருண்டு, விரிப்பின் ஓரம் உள்ளங்கையளவு பற்றியது. ஈரச் சாக்கைப் போட்டு மிதித்திருந்தால் அணைந்திருக்கும். எங்கள் உதவியாளர் தம்பி பதற்றத்தில் சுவரில் மாட்டியிருந்த சிவப்புச் சிலிண்டரை எடுத்து அழுத்திவிட்டார். உலர்தூள். ஐந்து நொடிதான். கூடம் முழுக்க மஞ்சள் மூட்டம், யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. தீ அணைந்தது. விளக்குகளின் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை அந்தத் தூளை மாவு மில் போல உள்ளே இழுத்தன.

அன்றிரவு தூரிகையால் தட்டிவிட்டுப் பெட்டியில் வைத்தோம். அந்தத் தூளில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட். காற்றின் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கும் உப்பு. மூன்றாவது வாரம் ஒரு விளக்கு 'டப்' என்ற சத்தத்தோடு நின்றது. இன்னொன்றை மெக்கானிக் திறந்து காட்டினார். பலகையில் செம்புக் கோடுகள் பச்சை பூத்துக் கிடந்தன, பழைய குத்துவிளக்கின் அடிப்பாகம் போல. நெருப்பால் எனக்கு ஆன சேதம் உள்ளங்கையளவு விரிப்பு. அணைத்ததால் ஆன சேதம் இரண்டு விளக்கு.

(நீங்களே திறந்து சுத்தம் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.)

ஆகவே நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டு நான்கு, தண்ணீர் வாளி இரண்டு, உலர்ந்த மணல் ஒரு வாளி. ஒரு கம்புக்கு ஓர் ஆள் துண்டோடு நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. மூடிய அறை என்றால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கருவிகளைக் கெடுக்காது. காற்றோட்டமான களத்தில் அது கலைந்துவிடும், மனிதர் மீது அடித்தால் தோல் உறைந்து புண்ணாகும். தூள் சிலிண்டரும் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் எடுக்கும் ஆள் யார் என்று முன்பே ஒருவரை நியமியுங்கள். ஆட்டக்காரர் உடையில் பற்றினால் விளக்கைப் பார்க்காதீர்கள்.

---

தீப்பந்துக்காரி – ஞாயிறு, காலை 7:10

மேலே சொன்ன கடைசி வரிக்கு என் வணக்கம், ஈரோட்டு அண்ணா.

நிழல்கூடம், துண்டு பருத்திதானா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கடையில் பருத்தி என்று விற்பதில் பாதி கலப்பு. உங்கள் குழுவினரும் பாலியெஸ்டர் டி-ஷர்ட் போடாமல் வரட்டும்.

---

நிழல்கூடம் – அடுத்த திங்கள், காலை 11:35

படப்பிடிப்பு முடிந்தது. கடன்பட்டவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கே போய்விட்டோம். தண்ணீர்ச் சோதனைக்கு ஆசான் முதலில் சிரித்தார். செய்தித்தாளில் பொட்டு விழுந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. முன்சக்கர வீச்சில் பக்கவாட்டில் பதினான்கு அடி வரை ஈரம், கேமராப் பக்கம் நான்கடியைத் தாண்டி ஒரு பொட்டும் இல்லை. தலைக்கு மேல் சுற்றியபோது சுற்றிலும் பன்னிரண்டு அடி வளையம். அவரே சுண்ணக்கட்டி வாங்கிக் கோடு போட்டார். பிறகு மாணவர்களைக் கூப்பிட்டு, "பாருங்கடா, இருபது வருடமாக இதைத்தான் உங்கள் மீது தெளித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

மூன்று விளக்கும் உலோகக் கிண்ணத்தோடு, முழு ஆரஞ்சு ஜெல்லோடு. பக்க விளக்குகள் பதினெட்டு அடியில், சற்றே பின்னால் தள்ளி. டின்னுக்குள் உதறிய பிறகு தெறிப்பு ஏறக்குறைய நின்றேவிட்டது. இரண்டாவது சுற்றில் ஒரு மாணவர் அவசரத்தில் உதற மறந்தார். நீலமும் ஆரஞ்சுமாக நாலைந்து துளி பறந்து, சரியாக இடது பக்கம் சுண்ணக்கோட்டுக்கு உள்ளே விழுந்து எரிந்தது. பழைய கணக்குப்படி என் நீளப் பெட்டி அங்கேதான் நின்றிருக்கும்.

ஏழரை மணிக்குக் காற்று கிளம்பியதால் தலைக்கு மேல் வீச்சு மூன்று படத்தோடு நிறுத்திவிட்டோம். அந்த மூன்றில் ஒன்றுதான் சுவரொட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது.

சேதம் ஒன்று உண்டு. துண்டோடு நின்ற என் தம்பி, மறுபடி நனைக்கக் குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த டிரிகர் (கேமராவிலிருந்து விளக்கை இயக்கும் கருவி) வாளிக்குள் விழுந்துவிட்டது. எடுத்து அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

---

பழையஃபிலிம் – திங்கள், மதியம் 12:02

அரிசியை வீணாக்காதீர்கள், அதனால் பயனில்லை. பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். அதற்குள் ஆசை தாளாமல் ஆன் செய்து பார்க்காதீர்கள்.

படத்தை எப்போது காட்டுவீர்கள்?

---

நிழல்கூடம் – திங்கள், மதியம் 12:09

ஏற்கெனவே இரண்டு முறை ஆன் செய்து பார்த்துவிட்டேன் அண்ணா.

சுவரொட்டி அச்சுக்குப் போயிருக்கிறது, வந்ததும் இங்கே போடுகிறேன். ஆசான் அந்தச் சுண்ணக்கோட்டை அழிக்க வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லியிருக்கிறாராம். இனி பயிற்சியும் களத்தில்தானாம்.